ஏழரைச் சனிதான் நல்ல நேரம்: பிரீமியர் லீக் முதல் வாரத்தில் எந்த மேட்சுக்கு உட்காரலாம்?

இங்கிலாந்தின் முதல் டிவிஷன் ஃபுட்பால் போட்டியான பிரீமியர் லீக்கின் 2026-27 சீசனில் முதல் வாரக்கடைசி ஆகஸ்ட் 22, சனிக்கிழமையை ஒட்டி வருகிறது. ஆடி கழிந்து ஆவணி பிறந்த முதல் சனி, ஞாயிறு. வேலூர்ப் பக்கம் இதற்கு என்ன அர்த்தம் என்று சொல்லவே வேண்டாம். ஒரு மாதம் பூட்டிக் கிடந்த கல்யாண மண்டபங்கள் திறந்துவிடும். சனி மாலை ரிசப்ஷன், ஞாயிறு விடியலில் முகூர்த்தம். ராணிப்பேட்டை சிப்காட்டில் ஷிப்ட் பார்ப்பவருக்கு வேறு கணக்கு, ஹாஸ்டல் பையனுக்கு வேறு கணக்கு. யாராக இருந்தாலும் பத்து மேட்சுக்கும் உட்கார முடியாது. இரண்டு, மிஞ்சிப்போனால் மூன்று. எந்த மூன்று என்பதுதான் கேள்வி.

முதலில் கடிகாரம். ஆகஸ்டில் இங்கிலாந்துக்கும் நமக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். (அக்டோபர் கடைசி ஞாயிறு அவர்கள் கடிகாரத்தைப் பின்னால் தள்ளியதும் ஐந்தரை ஆகிவிடும், ஆகஸ்டில் பழகிய நேரம் நவம்பரில் உதவாது.) அங்கே வெள்ளி இரவு எட்டு மணிக்கு நடக்கும் தொடக்க மேட்ச் நமக்கு நள்ளிரவு 12:30, அதாவது காலண்டர்படி சனிக்கிழமை. அவர்களுடைய சனி மதிய மேட்ச் இங்கே மாலை 5:00. மூன்று மணி மேட்சுகள் இரவு 7:30. ஐந்தரை மணி மேட்ச் இரவு 10:00. ஞாயிறன்று மாலை 6:30, இரவு 9:00. திங்கள் மேட்ச் என்று ஒன்று இருந்தால் அது நமக்குச் செவ்வாய் 12:30. 2023-லிருந்து வீணான நேரத்தைக் கறாராக எண்ணிச் சேர்க்கிறார்கள், அதனால் ஒரு மேட்சுக்கு இடைவேளையோடு இரண்டு மணி நேரம் ஒதுக்கிவிடுங்கள். சனிக்கிழமை ஐந்து, ஏழரை, பத்து மூன்றையும் அடுத்தடுத்துப் பார்க்கலாம். நடுவில் அரை மணி நேரம்தான் மிஞ்சும்.

பெரும்பாலானோர் செய்வது என்னவென்றால், பட்டியலைத் திறந்து இரண்டு பெரிய பெயர்கள் மோதும் மேட்சைத் தேடுவது. அது ஞாயிறு ஒன்பது மணியில் இருக்கும். போஸ்டர், புரோமோ எல்லாம் அதற்குத்தான். 2021 முதல் 2025 வரை ஐந்து வருடம் அந்த நேரத்தில் நடந்ததைப் பாருங்கள்: டாட்டன்ஹாம் 1 மான்செஸ்டர் சிட்டி 0, வெஸ்ட் ஹாம் 0 சிட்டி 2, செல்சி 1 லிவர்பூல் 1, செல்சி 0 சிட்டி 2, மான்செஸ்டர் யுனைடெட் 0 ஆர்சனல் 1. ஐந்து மேட்சில் எட்டு கோல். ஒரு மேட்சிலும் இரண்டைத் தாண்டவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. ஐந்தாறு வாரப் பயிற்சியோடு வரும் ஆட்களுக்கு எழுபது நிமிடத்துக்கு மேல் கால் வராது. ஆள் வாங்கும் சந்தை அப்போதும் திறந்தே இருக்கும் (2025-ல் செப்டம்பர் 1 வரை), அதனால் டீம் பாதி கட்டிய வீடு மாதிரி. இரண்டு கோச்சுக்கும் முதல் நாளே தோற்ற கெட்ட பெயர் வேண்டாம். ஆக, எதிராளி தவறு செய்யட்டும் என்று இரு பக்கமும் காத்திருப்பார்கள். கோல் வந்தால் கார்னரிலிருந்தோ ஃப்ரீ கிக்கிலிருந்தோ வரும். 2025-ல் யுனைடெட்டின் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில் நடந்தது அதுவே. 13-வது நிமிடம், ஆர்சனலின் ரைஸ் கார்னரை நேராகக் கோல் முகத்துக்கு வளைத்து அடிக்கிறார். யுனைடெட் கீப்பர் பாயிந்திர் கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டு பந்தைப் பிடிக்கவும் முடியாமல் வெளியே குத்தவும் முடியாமல் தட்டிவிடுகிறார். கோட்டுக்கு ஒரு கஜ தூரத்தில் நின்ற கலாஃபியோரி தலையால் உள்ளே தள்ளுகிறார். மீதி முக்கால் மேட்சும் யுனைடெட் முட்டிக்கொண்டிருந்தது, கோல் வரவில்லை. விதிவிலக்கு உண்டு: 2016-ல் ஆர்சனல் 3 லிவர்பூல் 4 முதல் வார ஞாயிற்றுக்கிழமை மேட்ச்தான். ஆனால் பத்து வருடத்துக்கு முந்தைய ஒரு விருந்தை நினைத்து வருடாவருடம் இலை போட்டு உட்கார முடியாது.

இந்த வருடம் இன்னொரு கூடுதல் சங்கதி. உலகக் கோப்பை இறுதிப் போட்டி ஜூலை 19. அதற்கும் சீசன் தொடக்கத்துக்கும் நடுவே ஒரு மாதமும் சில நாட்களும்தான். உலகக் கோப்பையில் கடைசி வரை ஆடியவர்கள் பெரும்பாலும் பெரிய கிளப் ஆட்கள். அவர்களுக்கு மூன்று வாரம் ஓய்வு கொடுத்தால் பயிற்சிக்கு மிச்சம் என்ன? முதல் வாரம் பெஞ்சில்தான் நிறையப் பேரைப் பார்ப்பீர்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். கீழ் டிவிஷனிலிருந்து வருடத்துக்கு மூன்று டீம் மேலே வருகிறது. ஐந்து வருடத்தில் பதினைந்து டீம். அதில் முதல் மேட்சை வெளியூரில் ஆடியவை நான்கு: ஃபாரஸ்ட், லூட்டன், சவுதாம்ப்டன், பர்ன்லி. நான்கும் தோல்வி. சொந்த மைதானத்தில் ஆடியவை பதினொன்று: ஐந்து வெற்றி, இரண்டு டிரா, நான்கு தோல்வி. இதையே இன்னும் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால்தான் கணக்கு ருசிக்கும். அந்தப் பதினொன்றில் நான்கு மேட்சில் எதிரே வந்தது சிட்டி அல்லது லிவர்பூல். அங்கே வெற்றியே இல்லை, ஃபுல்ஹாம் மட்டும் 2022-ல் லிவர்பூலை 2-2 என நிறுத்தியது. மீதி ஏழில் ஐந்து வெற்றி, ஒரு டிரா, ஒரே ஒரு தோல்வி.

அந்த வெற்றிகள் ஒவ்வொன்றும் எப்படி வந்தன என்று பாருங்கள். 2021-ல் பிரென்ட்ஃபோர்டு 74 வருடத்துக்குப் பிறகு முதல் டிவிஷனில் ஆடிய முதல் மேட்ச். ஆர்சனல் 0-2 தோல்வி, இரண்டாவது கோல் நீளமாக வீசிய ஒரு த்ரோ-இன்னிலிருந்து. அதே வாரம் வாட்ஃபோர்டு ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக 3-0 என முன்னேறி, கடைசியில் மூச்சு வாங்கி 3-2 என முடித்தது. 2022-ல் போர்ன்மத் அதே வில்லாவை 2-0 என வென்றது. 2025-ல் சண்டர்லேண்டு எட்டு வருடம் கழித்துத் திரும்பி வந்து வெஸ்ட் ஹாமை 3-0 என அடித்தது. இடைவேளை வரை 0-0, மூன்று கோலும் அதன் பிறகு, அதில் இரண்டு தலையால் முட்டியவை. இரண்டு நாள் கழித்து லீட்ஸ் எவர்டனை ஒரு பெனால்டியில் 1-0 என முடித்தது.

இங்கே பெரிய கிளப்பின் நோய் எதுவும் இல்லை. புதிதாக ஏறிய டீமின் மைதானத்தில் வருடக்கணக்கில் காத்திருந்த கூட்டம் இருக்கும். வந்த டீமுக்கு இவர்கள் எப்படி ஆடுவார்கள் என்று சரியாகத் தெரியாது. பார்த்து வைத்த வீடியோ எல்லாம் கீழ் டிவிஷன் வீடியோ, அதில் ஆடிய பாதிப் பேர் இப்போது இல்லை. வேகமும் மோதலுமாகத் தொடங்குவார்கள். மே மாதம் வந்தால் அதே டீம் கடைசி மூன்றில் இருக்கலாம். அது மே மாதக் கவலை.

இனி நேரத்தோடு பொருத்துங்கள். அந்தப் பதினொன்றில் ஏழு மேட்ச் நமக்குச் சனி மாலை ஐந்துக்கும் இரவு பத்துக்கும் இடையே தொடங்கின. ஏழரைக்கு மட்டும் நான்கு: வாட்ஃபோர்டு, போர்ன்மத், சண்டர்லேண்டு மூன்றும் வெற்றி, 2023-ல் ஷெஃபீல்டு யுனைடெட் மட்டும் கிரிஸ்டல் பேலஸிடம் 0-1 தோல்வி. ஜோசியத்தில் ஏழரைச் சனி எப்படியோ, இந்தக் கணக்கில் நல்ல நேரம். இன்னொன்று: இங்கிலாந்தில் சனிக்கிழமை 2:45 முதல் 5:15 வரை ஃபுட்பாலை டிவியில் நேரலையாகக் காட்டுவதில்லை, சிறு கிளப்புகளின் டிக்கெட் விற்பனையைக் காக்க வைத்த பழைய கட்டுப்பாடு. ஆகவே சண்டர்லேண்டில் டிக்கெட் கிடைக்காதவர் வீட்டில் பார்க்க முடியாத மேட்சை, சத்துவாச்சாரியில் சோபாவில் சாய்ந்தபடி நாம் பார்க்கிறோம். ஸ்டார் ஸ்போர்ட்ஸ் ஒன்றைக் காட்டும்போது மற்றவை ஜியோஹாட்ஸ்டாரில் தனியாக வரும். ஆப்பைத் திறந்து உங்கள் மேட்சைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டிவியில் வந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தால் நல்ல மேட்ச் பக்கத்துத் தெருவில் நடந்துகொண்டிருக்கும்.

ஆக, பட்டியல் கையில் வந்ததும் மூன்று பெயரைத் தேடுங்கள்: புதிதாக ஏறிய மூன்று டீம். சொந்த மைதானமா? எதிரே சிட்டியோ லிவர்பூலோ இல்லையா? இரண்டுக்கும் ஆம் என்றால் அதுதான் உங்கள் முதல் மேட்ச். வெளியூரில் ஆடுகிறார்கள் என்றால் விட்டுவிடலாம். ஒரு சின்ன ஒட்டு: 2020-ல் லீட்ஸ் பதினாறு வருடம் கழித்து வந்து லிவர்பூல் மைதானத்திலேயே 4-3 என்று தோற்றது. தோற்றாலும் அந்த வாரத்தின் மேட்ச் அதுதான். கோச் யார், எப்படி ஆட வைப்பவர் என்பதையும் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

இரண்டாவது மேட்ச் சனி இரவு பத்து மணியாக இருக்கட்டும். இதற்கு விளம்பரம் குறைவு, பலன் அதிகம். ஐந்து வருட ஸ்கோர்: நார்விச் 0 லிவர்பூல் 3; எவர்டன் 0 செல்சி 1; நியூகாசில் 5 வில்லா 1; வெஸ்ட் ஹாம் 1 வில்லா 2; வுல்வ்ஸ் 0 சிட்டி 4. மொத்தம் பதினேழு கோல். ஒன்பது மணி ஞாயிறு மேட்சுகளைவிட இரண்டு மடங்குக்கு மேல். இங்கே பெரும்பாலும் ஒரு பலமான டீமும் ஒரு நடுத்தர டீமும் மோதும். பலமானது முதல் கோல் போட்டுவிட்டால் மற்றது திறந்து ஆடியே ஆகவேண்டும், அப்புறம் கோல் கொட்டும். ஒருதலைப்பட்சமாக முடியும் என்பது குறைதான். சம பல சண்டைதான் வேண்டும் என்பவருக்கு இது ஒத்துவராது.

சனி மாலை ஐந்து மணி மேட்சின் கதை வேடிக்கை. 2021-ல் ஆறு கோல் (யுனைடெட் 5 லீட்ஸ் 1), அடுத்த வருடம் நான்கு, பிறகு மூன்று, பிறகு இரண்டு, 2025-ல் வில்லா நியூகாசில் 0-0. வருடம் ஏற ஏற இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. இதில் எந்த விதியும் இல்லை. ஆனாலும் இந்த நேரத்துக்கு ஒரு வசதி உண்டு: சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க இதைவிட நல்ல நேரம் இல்லை. ஒரு இடையூறும் உண்டு. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை சனிக்கிழமை விழுந்தால் வழக்கமாகக் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை என்று அறிவிப்பார்கள். ஐந்து என்றால் ஐந்தரையும் ஆகும். முந்தின நாள் பேப்பரில் உங்கள் துணைமின் நிலையத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

வெள்ளி நள்ளிரவு மேட்சை எதிரியாகப் பார்க்க வேண்டியதில்லை. 2025-ல் லிவர்பூல் 4 போர்ன்மத் 2 அருமையான மேட்ச். ஆனால் அதை ஜெயித்துக்கொடுத்த கியேசாவின் கோல் 88-வது நிமிடத்தில், சாலாவின் கோல் கூடுதல் நேரத்தில். நம் கடிகாரத்தில் இரண்டே கால் மணியைத் தாண்டித்தான். அதற்கு முந்தைய வருடம் அதே நேரத்தில் யுனைடெட் 1 ஃபுல்ஹாம் 0, அந்த ஒரு கோலும் 87-வது நிமிடம். சனி காலை வேலைக்குப் போகிறவர் இரண்டு மணி வரை கண் விழித்து, கோல் விழும்போது தூங்கிவிட்டிருப்பார். மொபைல் டேட்டாவில் பார்ப்பவர்களுக்கு இன்னொரு பொறி: தினசரி டேட்டா நள்ளிரவு 12 மணிக்குப் புதுப்பிக்கப்படும். 12:30 மேட்ச் சனிக்கிழமைக் கணக்கில்தான் கழியும். 720 தரத்தில் மணிக்கு ஒன்று, ஒன்றரை ஜிபி போகும். தினம் இரண்டு ஜிபி பிளான் வைத்திருப்பவருக்கு விடியும்போதே சனிக்கிழமை காலி. மாலை ஐந்து மணிக்கும் ஏழரைக்கும் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். வெள்ளி மேட்ச் கட்டாயம் வேண்டும் என்றால் 480-க்கு இறக்கிவிட்டுப் பாருங்கள், இல்லை காலையில் ஹைலைட்ஸ் போதும். எழுந்தவுடன் வாட்ஸ்அப்பைத் திறக்காமல் இருக்க முடிந்தால்.

ஞாயிறு ஆறரை மேட்ச் சாவகாசமானது. டிபன் நேரம், யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். 2025-ல் செல்சி 0 பேலஸ் 0. ஸ்கோரைப் பார்த்து ஒன்றுமில்லை என்று நினைக்க வேண்டாம். 13-வது நிமிடத்தில் பேலஸின் எஸே அடித்த ஃப்ரீ கிக் வலையைக் கிழிக்கிற மாதிரி உள்ளே போனது; மைதானமே கோல் என்றது. வீடியோ நடுவர் கூப்பிட்டார். செல்சி ஆட்கள் கட்டிய சுவரை ஒட்டி பேலஸ் வீரர் கெய்ஹி நின்று ஒருவரைத் தள்ளியிருந்தார். மூன்று பேரோ அதற்கு மேலோ சுவர் கட்டினால், அடிக்கும் டீமின் ஆள் சுவரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி நிற்கவேண்டும் என்று 2019-லிருந்து விதி. கோல் ரத்து. ஒரு வாரத்துக்குள் எஸே ஆர்சனலுக்குப் போய்விட்டார். விதி தெரிந்தவருக்கு முதல் வாரம் இப்படியும் சுவாரசியம்: புது விதிகளை நடுவர்கள் கறாராகப் பிடிப்பது தொடக்க வாரங்களில்தான். கீப்பர் எட்டு விநாடிக்கு மேல் பந்தைக் கையில் வைத்திருந்தால் எதிராளிக்குக் கார்னர் என்பது 2025-26-ல் வந்தது. கடைசி ஐந்து விநாடியை நடுவர் கையைத் தூக்கி விரலால் எண்ணுவார், கவனியுங்கள்.

திங்கள் இரவு மேட்சை லீட்ஸ் மாதிரி ஒரு டீம் சொந்த ஊரில் ஆடினால் மட்டும் யோசிக்கலாம். காலை ஆறு மணி ஷிப்ட்காரர் யோசிக்கவே வேண்டாம்.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஸ்பெயினில் ஆகஸ்ட் வெயிலுக்குப் பயந்து ராத்திரியில் ஆடுவார்கள். நமக்குப் பத்தரை, பதினொன்று, பிறகு ஒரு மணி என்று போகும். 2025-ல் மயோர்கா 0 பார்சலோனா 3 நமக்குச் சனி இரவு பதினொன்றுக்கு, வுல்வ்ஸ் சிட்டி மேட்சின் நடுவில். மயோர்காவில் இரண்டு பேர் இடைவேளைக்கு முன்பே சிவப்பு அட்டை வாங்கினார்கள், அதோடு மேட்ச் செத்தது. ஜெர்மனி 2025-ல் ஒரு வாரம் தள்ளித்தான் தொடங்கியது. தொடக்க மேட்ச் பேயர்ன் 6 லைப்சிக் 0. அவர்களுடைய சனி மேட்சுகள் நமக்கு இரவு 7:00, நல்ல நேரம். இந்த லீக்குகள் எந்த ஆப்பில் என்பது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும், முன்கூட்டியே வருடச் சந்தா கட்டிவிட்டு முழிக்காதீர்கள்.

நம்மூர் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) பற்றி? டிவியைவிட மைதானம் மேல் என்பதில் சந்தேகமே இல்லை. காட்பாடியிலிருந்து சென்ட்ரல் சுமார் 130 கிலோமீட்டர், நேரு ஸ்டேடியம் அங்கிருந்து நடை தூரம், திரும்பக் காட்பாடியில் நிற்கும் இரவு வண்டிகளும் உண்டு. ஆனால் 2025-26 சீசன் இழுபறியில் கிடந்து 2026 பிப்ரவரியில்தான் தொடங்கியது. ஆகஸ்ட் திட்டத்தில் அதைச் சேர்க்க முடியாது.

வீட்டு ஏற்பாட்டில் கோட்டை விடுவது பெரும்பாலும் ஒரே இடத்தில். ஆகஸ்ட் மாலையில் இடியோடு மழை வந்தால் டிஷ் ஆன்டெனாவில் சிக்னல் போகும், அப்போது நெட் கைகொடுக்கும். ஒரு நொடி கரண்ட் போய் வந்தால் ரவுட்டர் மறுபடி எழுந்து நிற்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும், அப்போது டிஷ் கைகொடுக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் போகிற இரவுதான் சிக்கல். 150 ஏ.ஹெச். பேட்டரி இன்வர்ட்டர் டிவி, ஒரு ஃபேன், ரவுட்டர் மூன்றையும் இரண்டு மேட்ச் தாங்கும். ஆனால் ரவுட்டர் இருக்கும் பிளக் இன்வர்ட்டர் லைனில் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. இல்லையென்றால் ரவுட்டருக்கென்று விற்கும் சின்ன 12 வோல்ட் யு.பி.எஸ். ஒன்று போதும். ஆப்பில் படம் டிவியைவிட அரை நிமிடமாவது பின்தங்கி வரும். பக்கத்து வீட்டில் கேபிள் என்றால் கோல் உங்களுக்கு முதலில் காதால்தான் தெரியும். போன் நோட்டிஃபிகேஷனை அணைத்துவிடலாம், பக்கத்து வீட்டை என்ன செய்வது? சாப்பாடு ஆர்டர் செய்பவர்கள் ஐந்து மணி மேட்சின் இடைவேளையிலேயே, ஐந்தே முக்கால் சுமாருக்குச் சொல்லிவிடுங்கள். சனி இரவு ஏழு மணிக்குச் சொன்னால் பிரியாணி எட்டரைக்கு வரும், அதுவும் எண்ணெய்க் கத்திரிக்காய் இல்லாமல்.

ரிசப்ஷனுக்குப் போயே ஆகவேண்டியவர்களுக்கு: அழைப்பிதழில் ஏழு மணி என்று போட்டிருந்தாலும் மாப்பிள்ளை, பொண்ணு மேடையேற ஏழரை ஆகும். ஏழரை மேட்சுக்கு 8:17-லிருந்து 8:33 வரை இடைவேளை. மொய் எழுத அது போதும், மேடை வரிசைக்குப் போதாது. ஆறே முக்காலுக்கே மண்டபத்துக்குப் போய், மொய் எழுதி, முதல் பந்தியில் உட்கார்ந்து எழுந்துவிட்டால் ஏழரைக்குக் கைகழுவும் இடத்தில் போனில் கிக் ஆஃப் பார்க்கலாம், இரண்டாவது பாதிக்கு வீடு. சண்டர்லேண்டு மாதிரி கோல் எல்லாம் கடைசியில் வந்தால் தப்பித்தீர்கள். போர்ன்மத் 2022-ல் முதல் மூன்று நிமிடத்துக்குள்ளேயே போட்டுவிட்டது, அதனால் இயர்போனை மட்டும் மறக்க வேண்டாம்.